இரும்புக் கருவிகளின் மேற்பூச்சும் ஈரமும்

நெற்பயிரைப் புகையானும் தண்டுத்துளைப்பானும் தாக்குமிடத்து விவசாயிகள் அதனை உடனே கண்டு தக்க பரிகாரம் தேடுகின்றனர். ஆயின் கொட்டகையிலே கிடக்கும் இரும்புக் கருவிகளை ஓசையின்றித் தின்றுகொண்டிருக்கும் துருவினை அவ்வளவாகக் கருதுவதில்லை. வர்ணம் பூசியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகின்றனர். இரண்டு மழைக்காலம் சென்றபின் அவ்வர்ணம் கொப்புளித்து ஏடுஏடாக உரிந்து விழும்போது, கடைக்காரர் கெட்ட சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று எண்ணுகின்றனர். பெரும்பாலும் பிழை வர்ணத்தினுடையதன்று. அது பூசப்பட்ட காலத்தினுடையதும், பூசப்பட்ட முறையினுடையதுமேயாகும். மேற்பூச்சுக்கும் ஈரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அறிந்துகொண்டால் இந்நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

இப்பகுதியின் தட்பவெப்பம்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களும் அவற்றைச் சார்ந்த கிராமங்களும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. சென்னை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலே பெய்கிறது. மழை நின்றபின் மார்கழி, தை மாதங்களில் பனி பெய்யத் தொடங்குகிறது. கடலும் தொலைவிலில்லை. 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டதும், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டதும், பின்னர் வண்டிப் போக்குவரத்து பெருகியதும் காரணமாகக் காற்றிலே புகையும் கந்தக வாயுவும் கலந்து வருகின்றன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. ஆயினும் திருநின்றவூர், நேமம், திருமழிசைப் பக்கங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என நெல்லும், காய்கறியும், மலர்களும் இன்றும் பயிராகின்றன. ஈரமும், உப்புக் காற்றும், புகையும் ஒருங்கே கூடிய இத்தகைய இடமே இரும்புக்குப் பகையான இடமாகும்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் பிராணவாயுவும் ஆகிய இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிடினும் துரு இல்லை. மழையில் நனைந்தால்தான் துருப்பிடிக்கும் என்று எண்ணுவது தவறு. காற்றிலுள்ள ஈரமே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நீர்ப்படலமாக இரும்பின்மீது படிகிறது. வெர்னன் என்னும் ஆங்கில அறிஞர் செய்த சோதனைகளில், சிறிதளவு கந்தக வாயு கலந்த காற்றிலே ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைக் கடந்தவுடன் துரு திடீரென விரைந்து வளர்வது தெரியவந்தது. நம் பகுதியில் மழைக்காலத்துக் காலை வேளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் செல்வது வழக்கமாதலால், இங்கே இரும்புக்கு ஓய்வு நாட்கள் மிகக் குறைவு.

மழையைவிடப் பனி அதிகக் கேடு செய்வதும் உண்டு. இரவில் தெளிந்த வானத்தின்கீழ் இருக்கும் இரும்பு, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துபோவதால், காற்றின் ஈரம் அதன்மேல் துளித்துளியாகப் படிகிறது. மழைநீர் தூசியையும் உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும். பனிநீரோ அவற்றைக் கரைத்து அங்கேயே நிறுத்திவைக்கும். பக்கம் திறந்த கொட்டகையில் வைத்த கலப்பையின் அடிப்புறமும், மழை படாத மூலைகளும் முதலில் துருவேறுவதற்கு இதுவே காரணம். எவ்வளவு நீர் பட்டது என்பதைவிட எத்தனை மணி நேரம் ஈரம் தங்கியது என்பதே முக்கியமாகும்.

மேற்பூச்சு நீரை உட்கொள்ளுதல்

வர்ணப் படலம் கண்ணாடியைப்போல் நீர்புகாத சுவர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. உலர்ந்து இறுகிய வர்ணமும் நுண்ணிய இடைவெளிகள் உடையதே. மழைக்காலத்தில் மரக்கதவு ஈரத்தை உட்கொண்டு பருத்துச் சட்டத்தில் இறுகுவதை யாவரும் அறிவர். அதைப்போலவே வர்ணப் படலமும் நீரை உட்கொண்டு சிறிது பருக்கிறது, மென்மையடைகிறது, இரும்பைப் பற்றியிருக்கும் பிடியும் தளர்கிறது. வெயில் வந்ததும் நீர் வெளியேறிப் படலம் சுருங்குகிறது. இவ்விதம் பருப்பதும் சுருங்குவதும் பலமுறை நிகழவே, நாளடைவில் அது களர்நிலம்போல வெடிப்புக் காணத் தொடங்குகிறது.

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த மெய்ன் என்பார் 1952-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வியப்பான உண்மையை எடுத்துக்காட்டினார். சாதாரண வர்ணப் படலத்தின் ஊடே செல்லும் நீரும் பிராணவாயுவும், வர்ணம் பூசாத இரும்பைத் துருவேற்றுவதற்குப் போதுமான அளவுக்குக் குறைந்தனவல்ல என்பதே அது. அங்ஙனமாயின் வர்ணம் இரும்பைக் காப்பது எவ்வாறு? துரு என்பது மின்சாரம் சம்பந்தப்பட்ட ஒரு செயல். இரும்பின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நீரின் வழியே மின்னோட்டம் நிகழ்ந்தாலன்றித் துரு வளராது. அவ்வோட்டத்தை நடத்திச் செல்வன நீரில் கரைந்த உப்புக்கள். நல்ல வர்ணப் படலம் தூய நீரை உள்ளே விட்டாலும் உப்பை எளிதில் விடுவதில்லை. ஆகவே மின்னோட்டம் தடைப்படுகிறது. இதனோடு, படலம் இரும்பை இடைவெளியின்றிப் பற்றியிருக்கும் வரையில் நீர் ஒன்றுகூடித் தேங்குவதற்கு இடமில்லை. ஆதலின் மேற்பூச்சின் உயிர் இரண்டில் இருக்கிறது: ஒன்று, உப்பைத் தடுக்கும் குணம், மற்றொன்று, இரும்பைப் பற்றும் பிடி.

கொப்புளம் எழுவதன் காரணம்

வெட்டிய மாங்காயின்மீது உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் சுரந்து நிற்பதைக் காண்கிறோம். உப்பு நீரை இழுக்கும் இயல்புடையது. இப்போது, கழுவாமல் விட்ட இரும்பின்மேல் சிறிது உரத்தூளோ, வியர்வைக் கைபட்ட உப்போ, கடற்காற்றின் உப்போ இருக்க, அதன்மேல் வர்ணம் பூசிவிட்டதாகக் கொள்வோம். வெளியே மழைநீர், உள்ளே உப்பு, நடுவே நீரை மட்டும் விடும் மெல்லிய படலம். உப்பு வெளிநீரைப் படலத்தின் ஊடே உள்ளுக்கு இழுக்கிறது. உள்ளே சேர்ந்த நீர் படலத்தைத் தூக்கிக் கொப்புளமாக்குகிறது. கொப்புளத்தினுள் உப்புநீரும் பிராணவாயுவும் கூடவே துரு வளர்கிறது. துருவானது தான் பிறந்த இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைப்பதால் கொப்புளம் வெடித்து, வர்ணம் உரிகிறது.

இன்னொரு கேடும் உண்டு. துரு வளரும்போது அதன் அருகே காரநீர் உண்டாகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பாகும் என்பது சோப்புக் காய்ச்சுவோர் அறிந்ததே. எண்ணெய் சேர்ந்த எனாமல் வர்ணத்தின் அடிப்பாகம் இக்காரநீரால் சோப்பாக மாறி வழுக்கிவிடுகிறது. ஒரு சிறு கீறலைச் சுற்றி வர்ணம் கையளவு உரிந்துவரும் காரணம் இதுவே.

ஒரே டப்பா, இருவேறு பலன்

ஓர் உதாரணம் கொள்வோம். இரண்டு விவசாயிகள் ஒரே கடையில் ஒரே வகை எனாமல் வர்ணம் வாங்கித் தத்தம் டிராக்டரின் கேஜ் வீலுக்குப் பூசுகின்றனர். முதலாமவர் கார்த்திகை மாதத்தில், சேற்றுழவு முடிந்த மறுநாள், சேற்றைத் தட்டிவிட்டுத் தளர்ந்த துருவின் மேலேயே காலை எட்டு மணிக்கு ஒரு தடித்த பூச்சுப் பூசுகிறார். மற்றவர் அப்பொழுது கிரீஸ் மட்டும் தடவி வைத்து, பங்குனி மாதத்தில் துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, அடிப்பூச்சு ஒன்றும் மெல்லிய மேற்பூச்சு இரண்டும் பூசுகிறார். முதலாமவருடைய சக்கரத்தில் வர்ணத்தின் கீழே நீரும் உப்பும் துருவும் சிறைப்பட்டுவிட்டன. தடித்த பூச்சின் மேல்பாகம் காய்ந்து ஏடுகட்டியதால் அடிப்பாகம் காயாமல் மென்மையாக நின்றது. அடுத்த சேற்றுழவிலே அது உரிந்துவிடுவதில் வியப்பில்லை. இரண்டாமவர் செலவிட்ட அதிகப் பணம் சிறிது. அதிக உழைப்பு ஒரு நாள். சக்கரமோ பல ஆண்டு நிற்கும்.

உரங்களும் ஈரமும்

உரங்கள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மையுடையன. 30 டிகிரி வெப்பத்தில் யூரியா ஏறக்குறைய 73 சதவீத ஈரப்பதத்திலும், அம்மோனியம் சல்பேட் 79 சதவீதத்திலும், மியூரியேட் ஆப் பொட்டாஷ் 84 சதவீதத்திலும் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்குகின்றன. யூரியாவையும் பொட்டாஷையும் கலந்துவிட்டாலோ, தனித்தனியே உள்ளதைக் காட்டிலும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே உரம் ஏற்றிய டிரெய்லரின் தளத்திலும், உரமிடும் கருவியின் மடிப்புக்களிலும் தங்கிய தூள், மழையில்லாத நாளிலும் இரவுதோறும் உப்புநீராகி நிற்கும். பொட்டாஷில் உள்ள குளோரைடு இரும்புக்குப் பெரும்பகை. உரவேலை முடிந்த அன்றே கருவியை நன்னீரால் கழுவிக் காயவைத்தல் எந்த வர்ணத்தைவிடவும் சிறந்த பாதுகாப்பாகும். உரமூட்டையையும் இரும்புக் கருவியையும் ஒரே அறையில் வைத்தல் கூடாது.

எண்ணெய்களின் குணபேதம்

வர்ணத்தை நீட்டுவதற்கு வீட்டிலுள்ள எண்ணெயைக் கலக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகி ஏடாகும் இயல்புடையது. கடலை, நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் முதலியன அவ்விதம் இறுகமாட்டா. அவற்றைக் கலந்தால் படலம் பிசுபிசுத்துத் தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆமணக்கெண்ணெயும் இயல்பாக இறுகாது. ஆயின் ஆலையில் அதிலுள்ள நீர்க்கூற்றை நீக்கிப் பக்குவம் செய்தபின் அது நல்ல வர்ண எண்ணெயாகிறது. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக்கொண்டு எபாக்ஸிப் பூச்சை இறுகச் செய்யும் சரக்குக்கள் தயாராகின்றன. அவை ஈரமான சூழலிலும் நன்கு இறுகக்கூடியவை. விவசாயிகளின் விளைபொருளே அவர்களுடைய இரும்பைக் காக்கத் திரும்பி வருவது மகிழ்ச்சிக்குரியது.

அடிப்பூச்சிலும் பழைய வழக்கம் ஒன்று மாற வேண்டும். முற்காலத்தில் ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து இரும்புக்குப் பூசினர். அது துருவைத் தடுத்தது உண்மையே. ஆயினும் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளைக்குப் பெருங்கேடு செய்வது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று 2016-இல் மத்திய அரசு விதி செய்து, 2017 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய சிவப்புப் பூச்சைச் சுரண்ட நேர்ந்தால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, உரிந்ததைத் திரட்டிக் கிணறு, மாட்டுத்தொழுவம் இவற்றுக்கு எட்டாதவாறு அகற்ற வேண்டும். இப்பொழுது ஜிங்க் பாஸ்பேட் சேர்ந்த அடிப்பூச்சுக்கள் கடைகளில் கிடைக்கின்றன, அவற்றையே வாங்குக.

துத்தநாகம் பூசிய தகரம்

கொட்டகைக் கூரைக்கு இடும் தகரத்தில் துத்தநாகம் இரும்புக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் காவலனாக இருக்கிறது. கீறல் விழுந்தாலும் அண்டையிலுள்ள துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். ஆயினும் புதுத் தகரங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி மழைக்காலத்தில் வைத்தால், இடுக்கிலே நீர் தங்கி, காற்றோட்டமின்றி, வெண்ணிறப் பொடி பூக்கும். இது வெண்துரு எனப்படும். தகரங்களைச் சாய்வாக நிறுத்தி, இடையிடையே மரச்சட்டம் வைத்தால் இக்கேடு நேராது. மேலும் இத்தகரத்தின்மீது சாதாரண எனாமலை நேரே பூசலாகாது. துத்தநாகம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிப் பூச்சு உரியும். அதற்கென உள்ள அடிப்பூச்சைக் கேட்டு வாங்க வேண்டும்.

மதகுக் கதவுகள்: ஊராட்சியினர் கவனத்துக்கு

இதுவரை கூறியது தனியொருவருடைய நஷ்டம். ஊர் முழுவதையும் பற்றிய நஷ்டம் ஒன்றுண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்துப் பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றின் கரைகள் மூழ்கியதையும் இப்பகுதியார் மறந்திரார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. இத்தகைய இரவொன்றில் சிற்றேரியின் மதகுக் கதவு துருவேறி அசையாது நின்றால், கரையும் ஆயக்கட்டும் கரையடியிலுள்ள வீடுகளும் என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயில் நாளில் அதே கதவு முழுதும் மூடாமல் நீர் கசிந்தாலோ நவரைப் பயிருக்கு நீரில்லை.

40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. மதகுக் கதவு எந்நேரமும் நீரில் நிற்பதாதலால் அதன் மேற்பூச்சு எப்போதும் நீரை உட்கொண்டே இருக்கும். வேலிக் கம்பிக்கும் ஜன்னலுக்கும் ஏற்ற எனாமல் இதற்குப் பயன்படாது. அது நீரில் ஊறி மென்மையாகும். இரு டப்பாக்களில் தனித்தனியே வரும் எபாக்ஸிப் பூச்சே ஏற்றது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்திலும், கதவு சட்டத்தோடு உராயும் ஓரங்களிலும் முதலில் துரு காணும். அங்கே ஒரு பூச்சு அதிகமாக இடுக. திருகுத் தண்டுக்கு வர்ணம் பூசாமல் கிரீஸ் இடுதல் வேண்டும். புரட்டாசி முடியுமுன் கதவை முழுதும் ஏற்றி இறக்கிப் பார்த்து, அசையாதிருப்பின் உரிய அதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது கிராம அலுவலர்களின் கடமையாகக் கொள்ளத்தக்கது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் பழமொழி இதற்கே பொருந்தும்.

பூசும் முறை

1. காலம்: மாசி முதல் ஆனி வரையிலுள்ள உலர்ந்த நாட்களில், காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை பூசுக. ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட நாளிலும், பனி காயாத காலையிலும் பூசற்க.

2. ஈரச் சோதனை: நனைத்துப் பிழிந்த துணியால் இரும்பில் ஓரிடத்தைத் துடைக்க. அவ்வீரம் 15 நிமிஷத்துக்குள் முழுதும் உலர்ந்தால் பூசலாம். உலராவிடின் அன்று பூசுதல் வீண்.

3. சுத்தம்: எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் நீக்கி, துருவைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, நன்னீரால் கழுவி, உலர்ந்ததும் தாமதமின்றி அன்றே அடிப்பூச்சு இடுக. ஓர் இரவு விட்டால் புதுத்துரு பூக்கும். உப்பங்கிணற்று நீரால் கழுவுதல் ஆகாது.

4. விளிம்புகள்: கூரிய விளிம்பிலும், போல்ட்டுத் தலையிலும், வெல்டிங் வரியிலும் வர்ணம் மெலிந்து நிற்கும். அவ்விடங்களுக்கு முதலில் சிறு பிரஷால் தனிப்பூச்சு இட்டுப் பின்னர் முழுதும் பூசுக.

5. கனம்: பிரஷால் பூசிய எனாமல் ஒரு பூச்சு உலர்ந்தபின் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கே கனமுடையது. ஆகவே அடிப்பூச்சு ஒன்றும் மேற்பூச்சு இரண்டும் குறையாது வேண்டும். தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று நன்று. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே டப்பாவில் குறித்த நேரம் காத்திருக்க வேண்டும்.

6. எபாக்ஸி: குறித்த அளவில் கலந்தபின் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும் அளவே கலக்குக. ஈரமான நாளில் இறுகிய பூச்சின்மேல் மங்கலான பிசுக்குத் தோன்றினால், அதை நீரால் துடைத்து உலர்த்திய பின்னரே அடுத்த பூச்சு இடுக.

7. சோதனை: நன்கு இறுகியபின் மறைவான ஓரிடத்தில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல் இட்டு, ஒட்டும் நாடாவை அழுத்தி வெடுக்கென எடுக்க. சதுரங்கள் உரிந்து வந்தால் பிடிப்பு இல்லை என்று அறிக. சோதித்த இடத்தை மீண்டும் பூசிவிடுக.

8. பராமரிப்பு: ஆண்டுதோறும் ஆவணியில் ஒருமுறை கருவிகளைப் பார்வையிட்டு, கீறலையும் கொப்புளத்தையும் அவ்வப்பொழுதே சுரண்டிப் பூசுக. மண்ணில் தேயும் கொழு, மண்வெட்டி அலகு முதலியவற்றுக்கு வர்ணம் பயனில்லை. கழுவி, உலர்த்தி, கிரீஸ் தடவித் தரையில் படாமல் மரக்கட்டைமேல் வைத்தலே போதும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயைத் தடவினால் அது நிலத்தில் சொட்டிக் கேடு செய்யும்.

ஆராய்ச்சியின் துணை

உலோகங்களின் அரிப்பை ஆராய்வதற்கு நம் மாநிலத்திலேயே தக்க நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் உதவ, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பெற்றது. மண்டபத்தில் அதற்குக் கடற்கரைச் சோதனை நிலையமும் உண்டு. உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் திறந்த வெளியில் மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்காக வைத்துப் பார்த்தலே இவ்வாராய்ச்சியின் அடிப்படை. விவசாயிகளும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். வாங்கிய வர்ணத்தைச் சுத்தம் செய்த தகட்டுத் துண்டு ஒன்றிலும், சுத்தம் செய்யாத துண்டு ஒன்றிலும் பூசி, நடுவே ஒரு கீறல் இட்டு, கிணற்றங்கரையில் ஒரு மழைக்காலம் தொங்கவிட்டுத் தை மாதத்தில் எடுத்துப் பார்த்தால், மேலே கூறியவற்றின் உண்மை கண்கூடாக விளங்கும்.

சுருங்கக் கூறின், எந்த மேற்பூச்சும் ஈரத்தை முற்றும் தடுப்பதில்லை. உட்புகும் ஈரத்துக்கு உப்பும், இடைவெளியும், பழந்துருவும் துணை செய்யாதவாறு பார்த்துக்கொண்டால் அவ்வீரம் தீங்கு செய்ய வலியற்றதாகிவிடும். அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த வர்ணமன்று. ஒரு வாளி நன்னீரும், ஒரு நாள் வெயிலும், சிறிது பொறுமையுமேயாம்.